"புள்ளி தெரியவில்லை, டாக்டர்"

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல மாதம் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். கண்புரை அறுவை சிகிச்சையைத் தனியாகச் செய்யத் தொடங்கிய நான்காவது வருடத்தில் எனக்கு நேர்ந்தது. எனக்கு நேர்ந்தது என்று சொல்வதே தவறு. என்னை நம்பி மேசையில் படுத்த ஒரு பெண்மணிக்கு நேர்ந்தது. பயிற்சிக் காலத்தில் காப்ஸ்யூல், அதாவது கண் லென்ஸைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறை, கிழிந்தால் என்ன செய்வது, தொற்று வந்தால் என்ன செய்வது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்கள். நோயாளியின் கண்ணுக்கு நேர் மேலே எரிகிற மைக்ரோஸ்கோப் விளக்கே விழித்திரையைச் சுட்டுவிடலாம் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாக இருந்தது. படித்தேன், தேர்வில் எழுதினேன், மறந்துவிட்டேன். அரங்கில் ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. பேசியிருந்தால் அன்று நான் செய்த குறைந்தது நான்கு காரியங்களைச் செய்திருக்க மாட்டேன்.

அவருக்கு வயது 61. அச்சகத்தில் மெய்ப்பு திருத்தும் வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, கூடவே ரத்த அழுத்தம். வலது கண்ணில் பழுப்பேறிய கடினமான புரை, பாவை சரியாக விரியவில்லை. சிரமமான கண் என்று முன்பே தெரியும். ஊசி போட்டுக் கண்ணை மரக்கச் செய்துவிட்டுத் தொடங்கினேன். புரை பழுப்பாக இருந்ததால் ரெட் ரிஃப்ளெக்ஸ், அதாவது விழித்திரையிலிருந்து திரும்பி வரும் அந்தச் சிவப்பொளி, மங்கலாகவே கிடைத்தது. விளக்கின் குமிழை முழுதாகத் திருகி வைத்தேன். அதற்கப்புறம் அந்தக் குமிழின் பக்கம் என் கவனம் போகவே இல்லை. 29-ஆவது நிமிடத்தில் பின் காப்ஸ்யூல் கிழிந்து, கண்ணுக்குள் நிறைந்திருக்கும் ஜெல்லி போன்ற விட்ரியஸ் முன்னுக்கு வந்துவிட்டது. அந்த நொடி வயிற்றுக்குள் என்ன நடக்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். விட்ரியஸை வெட்டி எடுத்தேன், புரையின் மிச்சத் துண்டுகளை எடுத்தேன், வழக்கமான செயற்கை லென்ஸ் இனி நிற்காது என்பதால் 'மூன்று துண்டு லென்ஸ்' என்ற வேறு வகையைக் கேட்டேன். அது அலமாரியில் இல்லை. கிடங்கிலிருந்து எடுத்து வர ஆள் போனார். லென்ஸை வைத்து, விட்ரியஸ் இழை எங்காவது மாட்டியிருக்கிறதா என்று பார்த்து, தையல் போட்டு முடித்தபோது 104 நிமிடம் ஆகியிருந்தது. லென்ஸ் நடுவில் அழகாக உட்கார்ந்திருந்தது. தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன். உதவியாளர்கூட "நல்லபடியா முடிஞ்சுது டாக்டர்" என்றார்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தேன். கார்னியா, அதாவது கண்ணின் முன்பக்கத் தெளிவான படலம், லேசாகத்தான் வீங்கியிருந்தது. பார்வை 6/36, அதாவது நல்ல கண் 36 மீட்டரில் படிப்பதை இந்தக் கண் 6 மீட்டரில்தான் படிக்கிறது. நான் எதிர்பார்த்ததைவிட மோசம். அவர் சொன்ன முதல் வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது. "எழுத்து தெரியுது, ஆனால் மேலே புள்ளி தெரியவில்லை, டாக்டர். கண் என்று எழுதியிருப்பது கண என்று இருக்கிறது." நான் கையில் கொடுத்த அட்டையை அவர் மெய்ப்பு பார்ப்பது போலப் பார்த்திருக்கிறார். பார்க்கும் இடத்துக்குச் சற்று மேலே மட்டும் ஒரு மங்கல் திட்டு. கீழே தெளிவாக இருக்கிறது. இவ்வளவு துல்லியமாக ஒரு நோயாளி தன் பார்வைக் குறையைச் சொல்லி நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. "வீக்கம் இருக்கிறதும்மா, வடிந்தால் சரியாகும்" என்றேன். அந்த நேரத்தில் அதை நம்பித்தான் சொன்னேன்.

நான் செய்த முதல் பெரிய பிழை இங்கேதான். மூன்றாம் நாள் பாவையை விரித்துப் பார்த்தபோது விழித்திரையில் பார்வை மிகக் கூர்மையாக இருக்கும் மையப் புள்ளியான ஃபோவியாவுக்குச் சற்றுக் கீழே நீள்வட்டமாக ஒரு வெளிர் மஞ்சள் திட்டு இருந்தது. காப்ஸ்யூல் கிழிந்த கண், சர்க்கரை நோயாளி, அப்படியென்றால் விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவில் வீக்கம் என்று மனம் தானாக முடிவு கட்டியது. சொட்டு மருந்தைக் கூட்டி எழுதிக் கொடுத்து அனுப்பினேன். ஒரு விஷயத்தை நிதானமாக யோசித்திருந்தால் போதும். புரை அறுவைக்குப் பின் வருகிற மாகுலா நீர்க்கோர்வை பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் கழித்துத் தலைகாட்டும். முதல் நாளே, கட்டைப் பிரித்த உடனேயே, ஓர் இடத்தில் மட்டும் திட்டாகப் பார்வை இல்லை என்று நோயாளி சொன்னால் அறுவை மேசையிலேயே ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். இன்னொன்று, பார்வைத் திட்டு மேலே என்றால் விழித்திரையில் பாதிப்பு கீழே இருக்கும். நான் கண்ணால் பார்த்த திட்டும் அவர் வாயால் சொன்ன திட்டும் அப்படியே பொருந்தின. பொருந்துகிறது என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. மூன்று வாரம் வீணாகப் போனது.

பார்வை தேறாததால் விழித்திரை நிபுணர் ஒருவரிடம் அனுப்பினேன். விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனும் அதன் ரத்தக் குழாய்களைக் காட்டும் ஆஞ்சியோகிராமும் எடுத்துவிட்டு மாலையில் அவரே தொலைபேசியில் அழைத்தார். "அறுவை எவ்வளவு நேரம் நடந்தது?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு என்றேன். "விளக்கு எவ்வளவில் வைத்திருந்தீர்கள்?" எனக்குப் பதில் தெரியவில்லை. "இது மைக்ரோஸ்கோப் சூடு. விளிம்பு தெளிவான நீள்வட்டம், விழித்திரையின் வெளி அடுக்கு மட்டும் போயிருக்கிறது, இப்போது நிறமி படிய ஆரம்பித்துவிட்டது" என்றார். மருந்து ஏதாவது கொடுக்கலாமா என்று கேட்டேன். பலன் உறுதியாக நிரூபிக்கப்பட்ட சிகிச்சை எதுவும் இல்லை, சிலர் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பார்கள், காத்திருங்கள் என்றார். அன்று இரவு நான் தூங்கவில்லை. அடுத்த பல இரவுகளும் அப்படித்தான். வீட்டில் சொல்லவில்லை. சக மருத்துவர்களிடம் சொன்னால் என்ன நினைப்பார்களோ என்ற பயம். காப்ஸ்யூல் கிழிந்தது என்று சொல்லிக்கொள்ளலாம், எல்லோருக்கும் நடந்திருக்கும். விளக்கால் சுட்டேன் என்று யாரிடம் சொல்வது?

தூக்கம் வராத அந்த இரவுகளில்தான் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க வெட்கமாக இருந்தது. இது நேற்று கண்டுபிடித்த விஷயம் இல்லை. வெர்னர் நோயல் 1966-லேயே சாதாரண விளக்கொளி எலிகளின் விழித்திரையைக் கெடுப்பதைக் காட்டியிருக்கிறார். வில்லியம் ஹாமின் குழு 1976-இல் குரங்குகளில் சோதித்து, அலைநீளம் குறையக் குறைய, அதாவது நீலத்தை நோக்கிப் போகப் போக, மிகக் குறைந்த ஒளியே பாதிப்பை உண்டாக்கப் போதும் என்று எழுதியது. 1983-இல் மெக்டொனால்டும் இர்வைனும் கண்புரை அறுவைக்குப் பின் மைக்ரோஸ்கோப் வெளிச்சத்தால் மாகுலா பாதிக்கப்பட்ட நோயாளிகளைப் பதிவு செய்தார்கள். நான் பார்த்த அதே திட்டு. 1995-இல் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்காவின் எஃப்டிஏ இதற்கென்றே ஒரு பொது எச்சரிக்கை வெளியிட்டது. இவ்வளவும் நடந்து முடிந்த பல வருடம் கழித்து, குமிழை முழுதாகத் திருகிவிட்டு அதை மறந்துபோய் நான் அறுவை செய்திருக்கிறேன்.

என் மனதில் இருந்த தவறான படம் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களில் பலருக்கும் அதே படம் இருக்கலாம். சூடு என்றால் வெப்பம் என்று நினைத்திருந்தேன். விளக்குக்கு வெப்பத்தைத் தடுக்கும் ஃபில்டர் இருக்கிறது, அப்புறம் என்ன பயம் என்ற எண்ணம். மைக்ரோஸ்கோப் ஒளி செய்வது பெரும்பாலும் வேதிவினைச் சேதம். விழித்திரையின் வெப்பநிலை பெரிதாக ஏறாமலேயே அது நடக்கும். வெயிலில் நின்றபோது ஒன்றும் தெரியாமல் ராத்திரி தோள் எரிவதைப் போல. விழித்திரைக்கு வலி தெரியாது, நோயாளியால் மேசையில் எச்சரிக்கவும் முடியாது. இந்தச் சேதம் பிரகாசத்தையும் நேரத்தையும் பெருக்கி வரும் மொத்தத்தைப் பொறுத்தது. பாதிப் பிரகாசத்தில் இரண்டு மடங்கு நேரம் என்றால் கிட்டத்தட்ட அதே அளவு. ஆக, ஒளியை மருந்தின் டோஸ் மாதிரி நினைக்க வேண்டும். மயக்க மருந்தை எத்தனை மில்லி கொடுத்தோம் என்று எழுதுகிறோம். ஒளியை எத்தனை நிமிடம், எந்த அளவில் கொடுத்தோம் என்று யாரும் எழுதுவதில்லை.

அடுத்தது லென்ஸ். வளர்ந்தவர்களின் இயற்கையான லென்ஸ் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. புரையோடு அதையும் எடுத்துவிடுகிறோம். அப்போது அந்தக் கண் திறந்த ஜன்னல் மாதிரி. ஆனால் லென்ஸ் இல்லாத கண்ணில் ஒளி விழித்திரையில் குவிவதில்லை, பரந்து விழுகிறது. செயற்கை லென்ஸை வைத்த நொடியிலிருந்து நிலைமை மாறுகிறது. லென்ஸ் புற ஊதாவைத் தடுக்கிறது, சரி. ஆனால் விளக்கின் பிம்பத்தை விழித்திரையில் கூர்மையாகக் குவித்தும் விடுகிறது. அதனால்தான் காயம் அவ்வளவு ஒழுங்கான நீள்வட்டமாக இருக்கிறது, அது விளக்கின் வடிவம். லென்ஸ் உட்கார்ந்ததும் 'முடிந்தது' என்று நாம் தளர்கிற அந்தக் கட்டம்தான் விழித்திரைக்கு அதிக ஆபத்தான கட்டம் என்பதை நான் அறிந்தபோது அந்த மூன்று துண்டு லென்ஸை வைத்த நிமிடம் ஞாபகம் வந்தது.

மைக்ரோஸ்கோப்பில் கேமரா இருந்ததால் முழு அறுவையும் பதிவாகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு அதைப் போட்டு, காகிதத்தில் நிமிடம் நிமிடமாக எழுதினேன். என் வாழ்க்கையில் பார்த்ததிலேயே கடினமான வீடியோ அது. லென்ஸ் வந்து சேரும்வரை காத்திருந்த 11 நிமிடமும் விளக்கு முழு அளவில் கண்ணின் மேல் எரிந்துகொண்டிருக்கிறது. கருவி மாற்றும்போதும், வடிகுழாயைச் சரிசெய்தபோதும் இன்னொரு 6 நிமிடம். லென்ஸ் 71-ஆவது நிமிடத்தில் உள்ளே போகிறது. அதன்பின் 33 நிமிடம். அதில் கோஆக்சியல் ஒளி, அதாவது கண்ணுக்கு நேராக இறங்கும் அந்த ஒளி, உண்மையில் தேவைப்பட்டது நான்கைந்து நிமிடத்துக்குத்தான். மிச்ச நேரம் வெட்டின் ஓரத்தில் தையல் போட்டுக்கொண்டிருக்கிறேன். மொத்தத்தில் ஏறத்தாழ 45 நிமிட வெளிச்சம் யாருக்கும் எதற்கும் பயன்படாமல் அவருடைய மாகுலாவில் விழுந்திருக்கிறது. ஒரு முறை உங்கள் நீண்ட அறுவை ஒன்றின் வீடியோவை எடுத்து இதைச் செய்து பாருங்கள். எதுவும் கெட்டுப்போகாத அறுவையாக இருந்தால் இன்னும் நல்லது, மனம் அமைதியாக எண்ணும்.

கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது நான் பழையதாக வாங்கிய ஹாலஜன் மைக்ரோஸ்கோப். வாங்கும்போது லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா, அதைத் தாங்கும் கை தொய்கிறதா, ஃபுட் பெடல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்றெல்லாம் பார்த்தேன். ஒளிப்பாதையைத் திறந்து பார்க்கவே இல்லை. சம்பவத்துக்குப் பிறகு தயாரிப்பாளரின் கையேட்டை வரவழைத்து, பயிற்சி பெற்ற ஒருவரை வைத்துத் திறந்தபோது, புற ஊதாவையும் குறைந்த அலைநீள நீலத்தையும் வெட்டும் ஃபில்டர் இருக்க வேண்டிய சட்டம் காலியாக இருந்தது. எப்போதோ யாரோ பல்பு மாற்றும்போது எடுத்திருக்கலாம், வெளிச்சம் மஞ்சளாக இருக்கிறது என்று சர்ஜன் யாராவது எடுக்கச் சொல்லியிருக்கலாம். எனக்கு வந்தபோதே இல்லையா, என்னிடம் வந்தபின் போனதா என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. கண் அறுவை மைக்ரோஸ்கோப்பின் ஒளி ஆபத்துக்கென்றே ஐஎஸ்ஓ 10936-2 என்று ஒரு தரநிலை இருக்கிறது. புதிய கருவிகளின் கையேட்டில் எந்தப் பிரகாசத்தில் எத்தனை நிமிடம் வரை என்ற விவரம் இருக்கும். அந்தப் பக்கத்தை நகலெடுத்து அரங்கில் ஒட்டி வையுங்கள். முழுப் பிரகாசத்துக்கான நிமிடத்தைப் பார்த்தால் உங்கள் கை தானாகக் குமிழை நோக்கிப் போகும். ஹாலஜன் பல்பானால் குமிழைக் குறைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு, மின்னழுத்தம் குறையும்போது ஒளி மஞ்சள் பக்கம் சாய்கிறது, நீலத்தின் பங்கு குறைகிறது. ஜீனானிலும் வெள்ளை எல்இடியிலும் நீலம் அதிகம். எல்இடி சூடாவதில்லை என்பதால் பாதுகாப்பானது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இதற்கெல்லாம் நடுவில் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. நிபுணர் சொன்ன பிறகும் ஆறு நாள் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களை அமைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழாம் நாள் அவரையும் மகளையும் வரச்சொல்லி, கடைசி நோயாளியும் போன பிறகு உட்காரவைத்துச் சொன்னேன். "அம்மா, நான் முதலில் வீக்கம் என்று சொன்னது தவறு. அறுவை நீண்டுவிட்டது, விளக்கை நான் குறைக்கவில்லை. அந்த ஒளியால் விழித்திரையில் காயம் ஆகியிருக்கிறது. கருவியில் ஒரு பாகமும் இல்லாமல் இருந்திருக்கிறது." மகள் கோபப்பட்டார், நியாயமான கோபம். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் முதல் நாளே புள்ளி இல்லை என்று சொன்னேனே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். முதல் நாளே சொன்னதை நான் கேட்கவில்லை என்பதைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் ஆறு நாள் எடுக்காதீர்கள். தெரிந்த அன்றே சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள், அடுத்து என்ன சோதனை, எப்போது, யாரிடம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். சதுரக் கோடு போட்ட ஆம்ஸ்லர் அட்டையை அவரிடம் கொடுத்து வாரம் ஒருமுறை மங்கல் தெரியும் இடத்தைப் பென்சிலால் வரையச் சொன்னேன். அவர் தேதி போட்டு ஒழுங்காக வரைந்து கொண்டுவந்தார். எந்த ஸ்கேனையும்விட அந்தத் தாள்கள்தான் அவர் கண்ணின் கதையைச் சரியாகச் சொல்லின.

நான் ஏழு வாரம் அறுவை செய்யவில்லை. முதல் மூன்று வாரம் பயத்தால், பிறகு ஃபில்டர் வந்து சேர வேண்டும் என்பதால். அவருடைய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், ஸ்கேன், ஆஞ்சியோகிராம், நிபுணரின் கட்டணம் எல்லாம் நானே கட்டினேன். கருவியைச் சரிசெய்த செலவையும் சேர்த்தால் ஏறக்குறைய மூன்று மாத வருமானம் போனது. கருவியை வாங்கும்போதே ஃபில்டரைச் சரிபார்த்திருந்தால் அரை மணி நேர வேலை.

அறுவைக்குத் திரும்பியபோது வழக்கங்களை மாற்றினேன். சொல்லிக்கொள்ளும்படி பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. விளக்கு எப்போதும் குறைந்த அளவில் தொடங்கும், தேவைப்பட்டால் ஏறும், அந்த வேலை முடிந்ததும் இறங்கும். ஏற்றுவதும் இறக்குவதும் என் வேலை, ஞாபகப்படுத்துவது செவிலியரின் வேலை. புரையை எடுக்க முன் காப்ஸ்யூலை நாமே திறக்கும்போதும் பின் காப்ஸ்யூலைச் சுத்தம் செய்யும்போதும் கோஆக்சியல் ஒளி வேண்டும், அதைவிட்டால் பெரும்பாலும் சாய்வொளி போதும். தையல் போடும்போது மைக்ரோஸ்கோப்பைச் சற்றே சாய்த்துவிடுகிறேன், ஒளி மாகுலாவைவிட்டு விலகி விழும். உள்ளே வேலை இல்லாத நேரத்தில், கருவி வரக் காத்திருந்தாலும் சரி, லென்ஸ் வரக் காத்திருந்தாலும் சரி, ஈரப்படுத்திய சிறு பஞ்சுத் துண்டைக் கார்னியா மேல் வைத்துப் பாவையை மூடுகிறோம். கார்னியாவும் காயாது. "மூடட்டுமா டாக்டர்?" என்று செவிலியர் கேட்பது இப்போது எங்கள் அரங்கில் மூச்சு விடுவது போல ஆகிவிட்டது. லென்ஸ் வைத்தபின் தையல் நீளும் என்று தெரிந்தால் கண்ணின் முன்னறையில், அதாவது கார்னியாவுக்குப் பின்னால் இருக்கும் இடத்தில், ஒரு காற்றுக் குமிழை விடுவதும் உண்டு. அது ஒளியைக் குவிய விடாமல் சிதறடிக்கும், ஆனால் அதையே முழுப் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. வெளிச்ச வட்டத்தையும் தேவையான அளவுக்குச் சுருக்கிக்கொள்கிறேன்.

ஒரு பழக்கத்தை விடத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. சொட்டு மருந்தால் மட்டும் மரக்கச் செய்து அறுவை செய்யும்போது, கண் அசையாமல் இருக்க "வெளிச்சத்தையே பாருங்கள்" என்று சொல்வோம். யோசித்துப் பாருங்கள், ஃபோவியாவைச் சரியாக விளக்குக்கு நேராக நிறுத்தச் சொல்கிறோம். சில நொடிகள் தேவைப்படும், மறுக்கவில்லை. ஆனால் முழு அறுவைக்கும் அப்படிச் சொல்லிக்கொண்டே இருப்பதை நிறுத்திவிட்டேன். "கொஞ்சம் கீழே பாருங்கள்", "இப்போது கண்ணைத் தளர்வாக விடுங்கள்" என்று மாற்றிச் சொல்லலாம். நோயாளிகளுக்கும் அது நிம்மதியாகத்தான் இருக்கிறது.

முன்கூட்டியே கேட்க வேண்டியவையும் உண்டு. ஹைட்ராக்சிகுளோரோகுயின், டெட்ராசைக்ளின் வகை, பினோதயசின் வகை, ஹைட்ரோகுளோரோதயசைடு போல ஒளியால் எளிதில் பாதிக்கப்படும் தன்மையைக் கூட்டும் மருந்துகள் எடுக்கிறாரா என்று இப்போது எல்லோரிடமும் கேட்டு எழுதுகிறேன். அந்த அம்மா ரத்த அழுத்தத்துக்கு எடுத்துக்கொண்டிருந்த மாத்திரையில் கடைசியாகச் சொன்ன மருந்து இருந்தது. அதனால்தான் வந்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. தெரிந்திருந்தால் இன்னும் கவனமாக இருந்திருப்பேன், அவ்வளவுதான். சர்க்கரை, ஏற்கெனவே இருக்கும் மாகுலா நோய், ஆக்ஸிஜன் அதிகமாகக் கொடுப்பது ஆகியவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒப்புதல் படிவத்தில் ஒளிக்காயம் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். சிரமமான கண் என்று தெரிந்தால் மாற்று லென்ஸ் முதலிலேயே அரங்குக்குள் வந்துவிட வேண்டும். அந்த 11 நிமிடம் முழுக்க முழுக்க அலமாரியில் ஒரு பெட்டி இல்லாததால் போனது.

சுவரில் ஒரு கடிகாரமும் வைத்தோம். அரை மணி ஆனதும் செவிலியர் நேரத்தையும் விளக்கின் அளவையும் சத்தமாகச் சொல்வார், அதன்பின் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. முதல் சில நாள் எரிச்சலாக இருந்தது. சிக்கலான கட்டத்தில் யாரோ நேரம் சொன்னால் பதற்றம் கூடும் என்று நினைத்தேன். இப்போது அந்தக் குரல் கேட்டால் கை தானாகக் குமிழுக்குப் போகிறது. அறுவைக் குறிப்பில் மொத்த நேரத்தோடு விளக்கின் அளவையும் எழுதுகிறோம். மாதம் ஒருமுறை ஃபில்டர் சட்டத்தைத் திறந்து பார்ப்பது, உதிரி பல்பு எரிகிறதா என்று போட்டுப் பார்ப்பது, மைக்ரோஸ்கோப் கையின் பூட்டுத் திருகுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று ஆட்டிப் பார்ப்பது எல்லாம் ஒரு நோட்டில் கையெழுத்தோடு இருக்கிறது. ஹாலஜன் பல்பை வெறும் விரலால் தொடக்கூடாது என்பதையும் அதில் எழுதி வைத்திருக்கிறோம், விரல் எண்ணெய் பட்ட இடம் சூடேறிக் கண்ணாடி வெடிக்கலாம்.

அந்த அம்மாவின் கண் மெதுவாகத் தேறியது. இரண்டாம் மாதம் 6/18, ஐந்தாம் மாதம் 6/12. ஆம்ஸ்லர் தாள்களில் அந்தப் பென்சில் திட்டு வாரம் தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, ஒரு மிளகு அளவுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. பெரிய எழுத்துகளில் புள்ளி தெரிகிறது, பொடி எழுத்தில் சில நேரம் தலையைச் சாய்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். பலருக்கு இந்தக் காயம் இப்படித் தேறுவதுண்டு. ஃபோவியாவின் நடுவிலேயே பெரிதாக விழுந்திருந்தால் தேறியிருக்காது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் அவர் தப்பித்தார், அதில் என் திறமை எதுவும் இல்லை.

இடது கண்ணிலும் புரை வளர்ந்திருந்தது. அதை என்னிடம் செய்துகொள்ளவில்லை. வேறொரு மருத்துவரிடம் போகிறேன் என்று தயங்கிச் சொன்னபோது, நானே கடிதம் எழுதிக் கொடுத்தேன். வலது கண்ணில் என்ன நடந்தது, எத்தனை நிமிடம், என்ன மருந்து எடுக்கிறார், இந்தக் கண்ணில் ஒளியைக் குறைத்து, பாவையை மூடிமூடிச் செய்ய வேண்டும் என்றெல்லாம் ஒன்றையும் மறைக்காமல் எழுதினேன். அந்த மருத்துவர் என்னை அழைத்து, அந்தப் பஞ்சுத் துண்டை எப்போதெல்லாம் வைக்கிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். அறுவை 19 நிமிடத்தில் முடிந்தது. மறுநாள் அந்த அம்மாவே தொலைபேசியில் கூப்பிட்டு, செய்தித்தாளின் தலைப்பு ஒன்றை முழுதாக வாசித்துக் காட்டினார். எல்லாப் புள்ளிகளும் இருந்தன.